யார் செய்த பாவம்?



தபசு காலத்தில் நம் கோவில்களில் வாசிக்கப்படுகிற சுவிசேஷங்களில் ஒன்று, அர்ச். அருளப்பர் எழுதின சுவிசேஷத்தின் 9-ம் அதிகாரம். நம் ஆண்டவர் ஜெருசலேம் பட்டணத்தில் நடந்து போகிறார். வழியில் பிறவிக் குருடன் ஒருவன் இருக்கிறான். சீஷர்கள் அவனைப் பார்க்கிறார்கள். பார்த்தவுடன் அவர்கள் வாயிலிருந்து வந்தது இரக்கமான வார்த்தையல்ல, ஒரு விசாரணை. இவன் இப்படிப் பிறப்பதற்குப் பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று குருவினிடத்தில் கேட்கிறார்கள். ஆண்டவர் இரண்டையும் மறுத்துவிடுகிறார். இவனிடத்தில் சர்வேசுரனுடைய செயல் விளங்க வேண்டும் என்கிறார். சொன்னதோடு நிற்கவில்லை. குனிந்து, மண்ணைக் குழைத்து, அவன் கண்ணில் பூசி, வேலையைத் தொடங்கிவிடுகிறார்.

அந்தக் கேள்வி கேட்கப்பட்டு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாகியும் அது ஓயவில்லை. நம்முடைய ராயபுரத்திலும் அதைக் கேட்கிறார்கள். பிள்ளைக்கு இரண்டு வயதாகியும் நடை வரவில்லை, நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை, பள்ளிக்கூடத்தில் எழுத்து ஏறவில்லை என்றால், அக்கம்பக்கத்தார் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்குகிறார்கள். கிரகணத்தன்று அவள் வெளியே போனாளாம். யாரோ செய்வினை வைத்தார்களாம். அவள் பிறந்த வீட்டிலேயே அப்படி ஒரு தோஷமாம். பேச்சு எப்படிச் சுற்றி வந்தாலும் கடைசியில் தாயின் தலையில்தான் விழுகிறது.

இந்த விஷயத்தில் என் மேலும் ஒரு குற்றம் இருக்கிறது. அதை முதலில் உங்கள் முன்னிலையில் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எழுந்தேற்ற நேரத்தில், கோவில் முழுவதும் நிசப்தமாயிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் உரத்துச் சத்தமிட்டான். நான் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தேன். ஒரு பார்வைதான். நான் பார்க்கவே கோவிலில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது பத்து வயதுள்ள அந்தப் பையனை அவன் தாய் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாள். பூசை முடியுமட்டும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

மூன்றாவது வாரம் அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போனேன். பிழைப்புக்காகத் தெற்கேயிருந்து வந்த குடும்பம். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்தவள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விட்டுவிட்டு, இப்போது வீட்டிலேயே பிசிறு வெட்டிக் கொடுக்கிறாள். புருஷன் டெய்லர். அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். நான் உட்கார்ந்த சற்று நேரத்தில் அவள் என்னைக் கேட்டாள்: “சாமி, நான் என்ன பாவம் செஞ்சேன்? பாவசங்கீர்த்தனத்துல எல்லாத்தையும் சொல்லிட்டேனே. இன்னும் எதையாச்சும் மறந்துட்டேனா?”

பிரியமானவர்களே, அன்று அவளுக்கு நான் சரியானபடி பதில் சொல்லவில்லை. ஆறுதலாக ஏதோ சொல்லி, ஜெபித்துவிட்டு வந்தேன். பிறகு புத்தகங்களைப் பார்த்தேன், வைத்தியர்களிடம் கேட்டேன். இந்தப் பிரசங்கம் நான் அவளுக்குக் கடன்பட்ட பதில். அவளுடைய சம்மதத்தோடுதான், பெயர் சொல்லாமல், இதைச் சொல்லுகிறேன். மூன்று காரியங்களை இன்று தியானிப்போம். முதலாவது, இப்படிப்பட்ட பிள்ளைகள் பிறப்பது யாருடைய பாவத்துக்கும் தண்டனையல்ல. இரண்டாவது, அதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றில் சிலவற்றைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது. மூன்றாவது, பிறந்த பிள்ளைக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை.

முதலாவது: தண்டனையல்ல

பிரான்சு தேசத்தில் ஷார்ல் தெகோல் என்றொரு இராணுவ அதிகாரி இருந்தார். நம்மைப்போலக் கத்தோலிக்கர். 1928-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி அவருக்கு ஆன் என்ற பெண் குழந்தை பிறந்தது. முகச்சாயலும் தளர்ந்த உடலுமாய்ப் பிறந்த அந்தக் குழந்தைக்குப் புத்தி வளர்ச்சி குன்றியிருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பெற்றவர்களை உலகம் என்ன சொல்லிற்று தெரியுமா? தகப்பன் குடிகாரனாயிருப்பான், அல்லது பெற்றோருக்குக் கெட்ட வியாதி இருந்திருக்கும் என்றது. படித்தவர்களும் அப்படித்தான் பேசினார்கள். தெகோலும் அவர் மனைவியும் குழந்தையை எங்கும் ஒளித்துவைக்கவில்லை, விடுதியில் கொண்டுபோய் விடவுமில்லை. போகுமிடமெல்லாம் கூடவே அழைத்துச் சென்றார்கள். பிறரிடத்தில் கண்டிப்புக்குப் பெயர்போன அந்த அதிகாரி, அந்தக் குழந்தையோடு பாடி விளையாடுவார். 1948-ல், இருபது வயதில், ஆன் இறந்தாள்.

அவள் இறந்து பதினோரு வருஷம் சென்று, 1959 ஜனவரியில், அதாவது அவள் தகப்பனார் பிரான்சின் ஜனாதிபதியாகப் பதவியேற்ற அதே மாதத்தில், பாரிசு நகரத்து அறிவியல் கழகத்தில் ஒரு சிறிய கட்டுரை வெளிவந்தது. ஜெரோம் லெஜுன், மார்த் கோத்தியே, ரெமோன் துர்பேன் என்ற மூன்று மருத்துவர்கள் அதை எழுதியிருந்தார்கள். இவர்களில் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர், இப்படிப்பட்ட பிள்ளைகளின் உடல் திசுவை ஆய்வுக்கூடத்தில் பொறுமையோடு வளர்த்து எடுத்தவர். அதைப் பூதக்கண்ணாடியில் எண்ணிப் பார்த்தார்கள். மனிதருடைய ஒவ்வொரு உயிரணுவிலும் குரோமோசோம் என்ற நூலிழைகள் 46 உண்டு. தகப்பன் தருவது 23, தாய் தருவது 23. இந்தப் பிள்ளைகளுக்கோ 47 இருந்தன. 21-ம் எண்ணுள்ள இழை இரண்டுக்குப் பதிலாக மூன்று இருந்தது. அவ்வளவுதான்! 1866-ல் டௌன் என்ற ஆங்கிலேய வைத்தியர் எழுதிவைத்த அந்த நிலைமைக்கு, டௌன் சின்ட்ரோம் என்று இன்று நாம் சொல்வதற்கு, காரணம் தொண்ணூறு வருஷத்துக்குமேல் சென்று கண்டுபிடிக்கப்பட்டது. குடியுமல்ல, கெட்ட வியாதியுமல்ல, கிரகணமுமல்ல.

அந்த அதிகப்படியான இழை எப்போது வந்து சேருகிறது? பெரும்பாலும் கரு உண்டாகும் முன்பே, முட்டை முதிரும்போது இழைகள் சரியாகப் பிரியாததனால். அப்போது அந்தத் தாய் என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள், யாரைப் பார்த்துப் பயந்தாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாயின் வயது கூடக்கூட இது நேர்வது கூடுகிறது. இருபது வயதில் ஏறக்குறைய 1,500 பிறப்புகளுக்கு ஒன்று, முப்பத்தைந்தில் 350-க்கு ஒன்று, நாற்பதில் நூற்றுக்கு ஒன்று. ஆனால் வயது பாவமல்ல. இளந்தாய்மாருக்கும் இப்படிப் பிறக்கிறது. மிகச் சிலரில் மட்டும் பெற்றோரில் ஒருவர் வழியாய் வருவதுண்டு. அடுத்த பிள்ளைக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனையினாலே அதை அறியலாம்.

ஜெரோம் லெஜுனுடைய கதையின் மிச்சத்தையும் கேளுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு வைத்தியம் காண வேண்டுமென்றே அவர் தேடினார். ஆனால் அவர் கண்டுபிடித்ததை வைத்தே, கர்ப்பத்திலிருக்கும்போது இவர்களை அடையாளம் கண்டு பிறவாதபடி செய்கிற வழக்கம் தேசந்தேசமாய்ப் பரவிற்று. அது அவர் இருதயத்தைப் பிளந்தது. புகழையும் பட்டங்களையும் பொருட்படுத்தாமல் அந்தச் சிறியவர்களுக்காகச் சாகுமட்டும் வாதாடினார். 1994-ம் வருஷம் பாஸ்கு ஞாயிறன்று இறந்தார். 2021 ஜனவரியில் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. ஸ்கேன் எடுத்து, குழந்தைக்கு ஏதோ குறையென்று கேட்டு நடுங்கிப்போகிற தகப்பன் தாய்மாரே, அந்த நேரத்தில் தனியே முடிவு செய்யாதீர்கள். எங்களிடம் வாருங்கள். அந்த உயிர் சர்வேசுரனுடையது என்று மட்டும் சொல்லி நாங்கள் உங்களை அனுப்பிவிடக்கூடாது. கடைசி மட்டும் உங்களோடு நிற்க வேண்டும். அப்படி நில்லாத பங்குக்கு, அந்தப் போதனையைச் சொல்ல வாய் ஏது?

இரண்டாவது: நம் கையில் இருப்பவை

தண்டனையல்ல என்றதனால், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணவேண்டாம். ஆண்டவர் பாவமில்லை என்று சொன்னவுடன் மண்ணைக் குழைத்தார் அல்லவா? நாமும் அறியவேண்டியதை அறிந்து, செய்யவேண்டியதைச் செய்ய வேண்டும். எத்தனையோ பிள்ளைகளுக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தும் காரணம் இன்னதென்று அகப்படுவதில்லை என்பது உண்மை. ஆனால் அகப்பட்ட காரணங்களில் சில நம் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன.

அவற்றில் ஒன்று, சொந்தத்துக்குள் கலியாணம். அக்காள் மகளைக் கட்டுவது, மாமன் மகளை, அத்தை மகனைக் கட்டுவது நம் நாட்டில் பழைய வழக்கம். சொத்து வெளியே போகாது, பெண் கண்காணாத இடத்துக்குப் போகமாட்டாள் என்பது பெரியவர்களுடைய எண்ணம். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நாலில் ஒருவருக்குமேல் இரத்த உறவுக்குள்ளேயே மணமுடித்தவர்கள் என்று தெரிந்தது. இந்தியாவில் இது மிக அதிகமாயுள்ள மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று.

இதில் என்ன ஆபத்து? கட்டிங் மாஸ்டர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். உடுப்பு வெட்டுவதற்குப் பாட்டர்ன் அட்டை இருக்கிறதல்லவா? சர்வேசுரன் நம் உடலை உண்டாக்கும் ஒவ்வொரு காரியத்துக்கும் இரண்டிரண்டு அட்டை கொடுத்திருக்கிறார். ஒன்று தகப்பன் வழி, ஒன்று தாய் வழி. அவற்றுக்கு ஜீன் என்று பெயர். ஓர் அட்டை பழுதாயிருந்தாலும் மற்றது சரியாயிருந்தால் வேலை நடந்துவிடும். பழுதான அட்டை சிலவாவது இல்லாத மனிதன் உலகத்தில் இல்லை. எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. அன்னியரை மணந்தால், இருவருக்கும் ஒரே அட்டை பழுதாயிருப்பது அபூர்வம். ஆனால் ஒரே பாட்டனுடைய பேரனும் பேத்தியும் மணந்தால், பாட்டனிடமிருந்த அதே பழுதான அட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் பிள்ளைக்கு வந்து சேரலாம். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே பழுது இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு பிள்ளைக்கு நோய் வர ஏதுவுண்டு. மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற நோய்கள் பல இப்படித்தான் வருகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரியப்பா மகளைக் கட்டுவாயா என்று கேட்டால் நம்முடைய பையன் காதைப் பொத்திக்கொள்வான். அவள் தங்கையல்லவா என்பான். மாமன் மகளென்றால் முறைப்பெண் என்பான். ஆனால் இரத்தத்துக்கு இந்த முறை தெரியாது. பெரியப்பா மகளோடும் எட்டில் ஒரு பங்கு உறவு, மாமன் மகளோடும் எட்டில் ஒரு பங்கு உறவு. அக்காள் மகளோடு நாலில் ஒரு பங்கு. ஊர் முறை வேறு, உடலின் கணக்கு வேறு.

திருச்சபையின் சட்டமும் இந்தக் கணக்கைப் போலவே எண்ணுகிறது. 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தின் 1091-ம் எண்படி, பக்க உறவில் நாலாம் படி மட்டும் விவாகத்துக்கு விக்கினம் உண்டு. அக்காள் மகள் மூன்றாம் படி, மாமன் மகள் நாலாம் படி. மேற்றிராணியாருடைய விலக்கு இல்லாமல் அந்த விவாகம் செல்லாது. ஜீன் என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்பே திருச்சபை இப்படி விதித்தது. அர்ச். அகுஸ்தீன் சொல்லும் நியாயம் அழகானது. உறவு ஒரே வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிராமல் புதிய வீடுகளுக்கும் பரவினால், சிநேகம் பெருகும் என்கிறார்.

ஆனால் நடப்பது என்ன? பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு அட்வான்சு கொடுத்து, சீர் பேசி முடித்தபிறகு, ஓலை வாசிப்பதற்கு முன் வந்து, “சாமி, ஒரு கையெழுத்து” என்கிறீர்கள். வேறு ஊர்களில் பங்குக்குருவாயிருந்தபோது அப்படிப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனைக்கோ நான் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் உட்காரவைத்து, இதில் என்ன இருக்கிறதென்று ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லவில்லை. அது என்னுடைய இரண்டாவது குற்றம். இனிமேல் பெண் கேட்கப் போகும் முன் வாருங்கள். விலக்கு என்பது உரிமையல்ல, தகுந்த காரணத்துக்குக் கொடுக்கப்படும் சலுகை என்பதை நினைவில் வையுங்கள்.

ஏற்கனவே சொந்தத்தில் மணந்தவர்களே, நீங்கள் கலங்கவேண்டாம். யாருக்குமே நூறு பிறப்பில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் குறை நேருகிறது. மாமன் மகள், அத்தை மகன் மணத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அப்படியானால் மிகப் பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள். குடும்பத்தில் முன்பே இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மட்டும், அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபியல் ஆலோசனை கேளுங்கள். கோயம்புத்தூரிலும் வேலூரிலும் சென்னையிலும் அதற்கு வைத்தியர்கள் இருக்கிறார்கள். நான் சொன்ன அந்தப் பையனுக்கு உறவு மணந்தான் காரணமா? வைத்தியர் அப்படி உறுதியாகச் சொல்லவில்லை. ஆகையால் நாமும் சொல்லக்கூடாது. கிரகணத்தைச் சொல்லித் தாயைக் குத்தின நாக்கு, இனி ஜீனைச் சொல்லிக் குத்துமானால், நான் இவ்வளவு பேசியும் பயனில்லை.

அடுத்தது, தாயின் கர்ப்பகாலம். கரு உண்டான முதல் நாலு வாரத்துக்குள்ளேயே, அதாவது தான் கர்ப்பவதியென்று அவளே அறிவதற்கு முன்பே, குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான குழாய் மூடிவிடுகிறது. அது சரியாய் மூட ஃபோலிக் அமிலம் என்ற சத்து வேண்டும். இந்தக் குழாய்ப் பழுதுள்ள பிள்ளையை முன்பு பெற்ற தாய்மாரில், இந்த மாத்திரை பத்தில் ஏழு பங்குப் பழுதைத் தடுத்ததென்று 1991-ல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. ஆகையால் கலியாணமான பெண்கள் கர்ப்பமாகும் முன்பிருந்தே, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் அளவு, இதைச் சாப்பிட வேண்டும். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் காலை ஆகாரத்தை விட்டு, டீயும் பன்னுமாய் நாளைக் கழிக்கிற நம் பெண்பிள்ளைகளுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தடுக்கக்கூடிய புத்திக்குறைவுக்கு உலகமெங்கும் முதன்மையான காரணம் அயோடின் பற்றாமை. கர்ப்பவதிக்கு அது குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். இமயமலைச் சாரலில் காங்கடா பள்ளத்தாக்கில், மருத்துவர் இராமலிங்கசுவாமியும் அவரைச் சேர்ந்தவர்களும் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சியில், அயோடின் கலந்த உப்பினாலே கழலை நோய் குறைவதைக் காட்டினார்கள். 1962-ல் அது தேசியத் திட்டமாயிற்று. தூத்துக்குடிக் கல்லுப்பு போடாவிட்டால் குழம்பு ருசிக்காது என்பீர்கள். கல்லுப்பிலும் அயோடின் சேர்த்தது உண்டு. பையைத் திருப்பி, அயோடின் கலந்தது என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். மூடிவைத்துப் பயன்படுத்துங்கள். ஒரு சிட்டிகை உப்பிலே ஒரு பிள்ளையின் புத்தி இருக்கிறது.

ரூபெல்லா என்றொரு சிறு அம்மை உண்டு. தாய்க்கு லேசான காய்ச்சலும் தடிப்புமாய் வந்து போய்விடும். ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வந்தால், குழந்தையின் கண், காது, இருதயம், மூளை எல்லாவற்றையும் தாக்கும். 1941-ல் ஆஸ்திரேலிய தேசத்துக் கண் வைத்தியர் நார்மன் கிரெக் இதைக் கண்டு சொன்னார். 2017 பிப்ரவரியில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான தடுப்பூசி இயக்கம் நம் தமிழ்நாட்டிலும் இன்னும் சில பிரதேசங்களிலும் முதன்முதலாய்த் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் வந்த புரளியை நம்பிப் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். அன்று ஊசி போடாத பெண்பிள்ளைகள் இன்று மணப்பருவத்தில் இருக்கிறார்கள். வைத்தியரைக் கேட்டு, கலியாணத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமான பின் போடக்கூடாது. போட்டபின் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும்.

தைராய்டு, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு உள்ள பெண்கள் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ளுங்கள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் கருவைப் பாதிக்கும், அவற்றுக்குப் பதில் வேறு மருந்து தருவார்கள். பயந்து நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. மதுபானம் கருவின் மூளைக்கு நேரான விஷம். புருஷர்களே, சனிக்கிழமைச் சம்பளத்தில் கர்ப்பவதிக்குக் கீரையும் முட்டையும் வாங்காமல் கடையில் கொட்டிவிட்டு வருகிறவன், கருவிலுள்ள தன் பிள்ளையின் தட்டிலிருந்தே எடுக்கிறான்.

பிள்ளை பிறந்தபின்னும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1934-ல் நார்வே தேசத்துத் தாய் ஒருத்தி, புத்தி வளராத தன் இரண்டு பிள்ளைகளையும் வருஷக்கணக்காய் வைத்தியர் வைத்தியராய்க் கொண்டுபோய்க் காட்டினாள். அவர்கள் உடம்பில் ஏன் ஒரு விசித்திர வாசனை என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். பலர் தட்டிக்கழித்தார்கள். ஃபோலிங் என்ற வைத்தியர் ஒருவர் மட்டும் பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்து, ஆகாரத்திலுள்ள ஒரு பொருளை உடல் கரைக்க முடியாமையே காரணமென்று கண்டார். அவள் பிள்ளைகளுக்கு அது காலம் கடந்துபோயிற்று. ஆனால் 1960-களில் இராபர்ட் கத்ரி என்ற அமெரிக்கர் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்து அந்நோயைக் கண்டுபிடிக்கும் வழியைச் செய்தார். அவருடைய சொந்த மகனே புத்தி வளர்ச்சி குன்றியவன். அந்த ஒரு தாயின் பிடிவாதத்தால் இன்று உலகமெங்கும் எத்தனையோ பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

நம் தேசத்தில் அந்தத் துளி இரத்தத்தில் முக்கியமாய்ப் பார்க்கவேண்டியது தைராய்டு. ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்று அந்தச் சுரப்பு இல்லாமல் பிறக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல வளரும். மாதக்கணக்கில் தாமதித்தால் போன புத்தி திரும்பாது. விலை குறைந்த மாத்திரைதான். ஆகையால் பிரசவமான இடத்தை விட்டுப் புறப்படும் முன், குழந்தைக்குத் தைராய்டு பரிசோதனை செய்தீர்களா என்று கேளுங்கள். ஞானஸ்நானத்துக்குத் தேதி கேட்க வருகிறவர்களை இனிமேல் நானும் அதைக் கேட்பேன்.

மூன்றாவது: பிறந்த பிள்ளைக்கு நம் கடமை

இவ்வளவும் செய்தபின்னும் இப்படிப்பட்ட பிள்ளைகள் பிறப்பார்கள். அப்போது என்ன?

நம் ஊர்க் கம்பெனிகளில் செக்கிங் மேசை உண்டு. ஒரு தையல் தவறினால், ஓர் ஓட்டை விழுந்தால், அந்தப் பீஸைத் தனியே எடுத்துப் போடுகிறோம். அதற்கு செகண்ட்ஸ் என்று பெயர். காதர்பேட்டையில் குறைந்த விலைக்குப் போகும். துணிக்கு அது சரி. ஆனால் நாள் முழுவதும் அந்த மேசையில் நின்று பழகின கண், வீட்டுக்கு வந்து பிள்ளைகளையும் அப்படியே பார்க்கத் தொடங்கிவிடக்கூடாது. பிரியமானவர்களே, சர்வேசுரனுடைய வீட்டில் செகண்ட்ஸ் கிடையாது. அந்தப் பையனுடைய ஆத்துமம் மேற்றிராணியாருடைய ஆத்துமத்துக்கு ஓர் அணுவும் குறைந்ததல்ல. அதே விலை கொடுத்து மீட்கப்பட்டது.

அப்படியானால் அவனுக்குத் தேவதிரவிய அனுமானங்களை ஏன் மறுக்கிறோம்? அவனுக்கு என்ன தெரியும் என்று பெற்றவர்களே புதுநன்மைக்குக் கூட்டிவருவதில்லை. 1910-ல் பத்தாம் பத்திநாதர் பாப்பானவர், சிறு பிள்ளைகளுக்கு நன்மை கொடுக்க முழு ஞானோபதேசமும் அவசியமில்லை, சாதாரண அப்பத்துக்கும் தேவ நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்று போதித்தார். சர்க்கரையையும் உப்பையும் வித்தியாசம் அறிகிற பிள்ளைக்கு, தாய் முழங்காலில் நிற்கிற இடம் வேறு, சாப்பிட உட்காருகிற இடம் வேறு என்று தெரியாமலா போகும்? அவர்களைத் தயார்செய்ய நானே நேரம் ஒதுக்குகிறேன். கூட்டிவாருங்கள்.

பிள்ளை தாமதமாய் வளருகிறதென்று சந்தேகம் வந்தவுடனே காட்டுங்கள். தானாய்ச் சரியாகும் என்று மூன்று வருஷம் காத்திராதீர்கள். 2013-ல் மத்திய அரசாங்கம் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பதினெட்டு வயது வரையில் பரிசோதித்து, சிறு வயதிலேயே பயிற்சி கொடுக்க ஏற்பாடு உண்டு. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அறிவுசார் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கலெக்டர் ஆபீசிலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்கினால் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இது பிச்சையல்ல. எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார் என்று தூங்காமலிருக்கிற பெற்றோர், பிள்ளைக்குப் பதினெட்டு வயதானபின் 1999-ம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி சட்டப்பூர்வமான பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம்.

ஆனால் சட்டம் செய்யமுடியாத ஒன்று உண்டு. அந்தத் தாய் ஒரு நாள் காய்ச்சலாய்ப் படுத்தால், பக்கத்து வீட்டுக்காரி இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வது. அதை அரசாங்கம் கொடுக்காது. நாம்தான் கொடுக்க வேண்டும். மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை அங்கத்தினர்களே, உங்கள் வாராந்தர வேலைகளில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தெகோல் 1970-ல் இறந்தார். ராஜாக்களும் ஜனாதிபதிகளும் அடக்கமாகும் பெரிய இடங்களை அவர் விரும்பவில்லை. தம் கிராமத்தில், மகள் ஆன் அடக்கமாயிருக்கிற அதே கல்லறையில் தம்மையும் வைக்கவேண்டுமென்று முன்பே எழுதிவைத்திருந்தார். அப்படியே செய்தார்கள். அந்தப் பிள்ளையினால் அந்த வீட்டுக்கு என்ன வந்தது என்பதற்கு அந்தக் கல்லறையே பதில்.

ஆகையால் இன்று மூன்று பிரதிக்கினை செய்வோம். எந்தத் தாயையும் பார்த்து, யார் செய்த பாவம் என்று கேட்கமாட்டோம். நம் வீட்டில் கலியாணம் பேசும் முன்னும், பிள்ளை உண்டாகும் முன்னும், அறியவேண்டியதை வெட்கமில்லாமல் கேட்டு அறிவோம். கோவிலில் ஒரு பிள்ளை சத்தமிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டோம்.

அம்மா, நீ இதை வாசிக்கிறாய் அல்லது யாராவது உனக்கு வாசித்துக் காட்டுகிறார்கள் என்று நம்புகிறேன். உன் பாவசங்கீர்த்தனத்தில் நீ ஒன்றையும் மறக்கவில்லை. சொல்லவேண்டிய பாவம் அங்கே இல்லை. மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நான்தான், கேட்கிறேன். வருகிற ஞாயிறு உன் மகனைக் கூட்டிக்கொண்டு வா. கடைசி வரிசையில் உட்காராதே, முன்னால் வா. எழுந்தேற்ற நேரத்தில் அவன் சத்தமிட்டால் சத்தமிடட்டும். எங்களால் சொல்லமுடியாத ஏதோ ஒன்றை அவன் ஆண்டவரிடத்தில் சொல்லுகிறானென்று நினைத்துக்கொள்வோம்.

பிறவிக் குருடனைக் கண்டு நின்ற திவ்விய சேசு உங்கள் எல்லாருடைய வீடுகளுக்கு முன்னும் நிற்பாராக. தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் உங்கள் பிள்ளைகளையும், முக்கியமாய் இந்தச் சிறியவர்களையும், தங்கள் ஆதரவில் வைத்துக் காப்பார்களாக. இதுவே நான் உங்களுக்கு ஆசிக்கிற ஆசீர்வாதம். ஆமென்.